கழற்ற வராத ப்ளக் - ஒரு குட்டிப் பாகத்தின் 160 வருட வரலாறு

ஸ்பார்க் ப்ளக் என்பது கழற்றுவதற்காகவே செய்யப்பட்ட பொருள். அதனால்தான் அதற்கு மரை வெட்டியிருக்கிறார்கள், ஸ்பேனர் பிடிக்க ஆறு பட்டைத் தலை வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் வண்டியோடு கொடுக்கும் டூல் கிட்டில் அதற்கென்றே தனி ஸ்பேனரும் இருந்தது. அப்படிப்பட்ட பொருள் சில சின்னக் கார்களில் கழற்றவே வராமல் அடம் பிடிக்கிறதே, ஏன்?

வீட்டிலேயே காரை சர்வீஸ் செய்யத் துணிந்தவர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. ப்ளக்கின் விலை சில நூறு ரூபாய். அது உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டின் விலையோ பல ஆயிரம். வேகத்தில் ஒரு அழுத்து அழுத்தி மரை போய்விட்டால், நூறு ரூபாய் வேலை ஹெட்டை இறக்கும் வேலையாக மாறிவிடும். பயந்து அப்படியே விட்டுவிட்டால், அடுத்த முறை இன்னும் மோசமாகப் பிடித்திருக்கும்.

மெக்கானிக்கிடம் கேட்டால் பதில் ஒரே வரிதான்: "ரொம்ப நாளா யாரும் தொடலை சார்." நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் ஏன் யாரும் தொடவில்லை? கார்க்காரர் சோம்பேறி என்பது பாதி விடைதான். மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது. வாருங்கள், கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

ப்ளக்குக்கு மூன்று வேலை

பெட்ரோல் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் அழுத்தப்படுகின்றன. அந்தக் கலவையைச் சரியான கணத்தில் பற்றவைக்க வேண்டும். ப்ளக்கின் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பீங்கான், அதற்கு வெளியே மரை வெட்டிய இரும்புக் கூடு. நடுக் கம்பிக்கும், கூட்டிலிருந்து வளைந்து வரும் இன்னொரு கம்பிக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது பொறி பறக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், ஒவ்வொரு ப்ளக்கும் நிமிடத்துக்கு 1500 முறை பொறி விட வேண்டும்.

ஆக, பொறி விடுவது முதல் வேலை. மின்சாரம் வேறு பக்கம் கசியாமல் தடுப்பது இரண்டாவது வேலை. மூன்றாவது வேலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ப்ளக் என்றாலே அடைப்பான் என்றுதான் அர்த்தம். என்ஜின் சுவரில் போட்ட ஒரு ஓட்டையை அது மூடிக்கொண்டிருக்கிறது. உள்ளே நடக்கும் வெடிப்பின் அழுத்தத்தை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது. அதே சமயம், கேட்டால் கழன்று வரவும் வேண்டும்!

இறுக்கமாகவும் இருக்க வேண்டும், எளிதாகக் கழலவும் வேண்டும் என்ற இந்த இழுபறிதான் இந்தக் கட்டுரையின் கதை.

எனாமல் தொழிலாளியின் என்ஜின்

மின்பொறியால் வாயுவை வெடிக்க வைக்கலாம் என்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. பேட்டரியைக் கண்டுபிடித்த இத்தாலியர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா, 1770-களில் வாயு நிரப்பிய ஒரு மின்சாரத் துப்பாக்கியைச் செய்து காட்டினார்.

அதை வேலை செய்யும் என்ஜினுக்குள் கொண்டுவந்தவர் எத்தியேன் லெனுவார். பெல்ஜியத்தில் பிறந்து பாரிசில் பிழைக்க வந்தவர், எனாமல் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தவர். 1860-இல் நிலக்கரி வாயுவில் ஓடும் ஒரு என்ஜினுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் மின்கலமும் தூண்டுசுருளும் மின்சாரம் தர, சிலிண்டருக்குள் பொறி பறந்தது. இன்றைய ப்ளக்கின் கொள்ளுத் தாத்தா அதுதான்.

ஆனால் ஆச்சரியம் என்னவென்றால், அடுத்து வந்த பெரிய ஆட்கள் இந்த வழியை உடனே பிடித்துக்கொள்ளவில்லை. 1876-இல் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினை ஓட்டிக் காட்டிய நிக்கோலஸ் ஓட்டோ, சிறு தீச்சுடரை வைத்துப் பற்றவைத்தார். காட்லீப் டைம்லரின் முதல் என்ஜின்கள் பர்னரால் சூடாக்கிய குழாயை நம்பியிருந்தன. பெட்ரோல் பக்கத்திலேயே திறந்த நெருப்பு! இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்கும்.

கார்ல் பென்ஸ் மட்டும் ஆரம்பத்திலிருந்தே மின்சாரத்தின் பக்கம் நின்றார். 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்குப் பதிவான அவருடைய மூன்று சக்கர வண்டியில் மின்பொறிதான். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த மாதிரி வண்டியை ஓட்டிப் போனார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார் என்பதும், வழியில் வயரின் காப்புறை போனபோது தன் காலுறைப் பட்டையைப் பயன்படுத்தினார் என்பதும் பரவலாகச் சொல்லப்படும் கதை. காரின் வரலாற்றில் முதல் நீண்ட பயணமே வழியில் ரிப்பேர் பார்த்துக்கொண்டு போன பயணம்தான். ஓட்டுபவரே மெக்கானிக் என்ற வழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

1898-இல் நிக்கோலா டெஸ்லா, ஃப்ரெடெரிக் சிம்ஸ், ராபர்ட் போஷ் ஆகிய மூவரும் பற்றவைப்பு தொடர்பாகக் காப்புரிமைகள் பெற்றார்கள். ஆனாலும் வேகமாக ஓடும் என்ஜினுக்கு ஏற்ற முழு அமைப்பு 1902-இல்தான் வந்தது. ஸ்டட்கார்ட்டில் போஷின் பட்டறையில் வேலை பார்த்த காட்லோப் ஹோனால்ட், உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் ப்ளக்கையும் சேர்த்து உருவாக்கினார். அதன் பிறகு தீச்சுடருக்கும் சூட்டுக் குழாய்க்கும் வேலையில்லாமல் போயிற்று.

சைக்கிள் வீரரின் வியாபாரம்

தொழில்நுட்பம் தயார். அடுத்தது வியாபாரம். இங்கே ஒரு சுவாரசியமான மனிதர் வருகிறார்.

ஆல்பர்ட் சாம்பியன், பாரிஸ்காரர். 1899-இல் பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தவர். பிறகு அமெரிக்கா போய், 1905-இல் பாஸ்டனில் தன் பெயரில் கம்பெனி ஆரம்பித்தார். பணம் போட்டவர்கள் ஸ்ட்ரானஹான் சகோதரர்கள். 1908-இல் ப்யூக் கம்பெனியின் வில்லியம் டுராண்ட் கூப்பிட, சாம்பியன் ஃப்ளின்ட் நகருக்குப் போய் அங்கே புது கம்பெனி தொடங்கினார். ஆனால் பழைய கம்பெனியும் "சாம்பியன்" என்ற பெயரும் ஸ்ட்ரானஹான்களிடமே இருந்துவிட்டன! அவர்கள் அதை டொலீடோவுக்குக் கொண்டுபோய் உலகப் பிராண்டாக வளர்த்தார்கள். சொந்தப் பெயரை விட்டுக்கொடுத்த மனிதருக்குக் கடைசியில் முதலெழுத்துகள்தான் மிச்சம். 1922-இல் அவர் கம்பெனி "ஏசி ஸ்பார்க் ப்ளக்" ஆனது. (பிராண்டின் மதிப்பு பற்றிப் படிக்கும் வணிகவியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.)

இத்தனை போட்டி எதற்கு? ப்ளக் அடிக்கடி தீர்ந்துபோகும் பொருள். ஒரு கார் விற்றால் ஒரு முறைதான் லாபம். அந்தக் கார் ஓடும் வரைக்கும் ப்ளக் விற்றுக்கொண்டே இருக்கலாம்.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி இந்தச் சந்தையைப் பிரம்மாண்டமாக்கியது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள், காருக்கு நான்கு ப்ளக். அதில் மாட்டிய சாம்பியன் எக்ஸ் ப்ளக்கை இரண்டாகப் பிரித்து, பீங்கானை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி மாட்டலாம். அன்றைய பெட்ரோலும் ஆயிலும் ப்ளக்கைச் சீக்கிரம் கரி பிடிக்க வைத்ததால் அடிக்கடி கழற்றித்தான் ஆக வேண்டும். விவசாயியும் டாக்டரும் பாதிரியாரும் ப்ளக் கழற்றக் கற்றுக்கொண்டார்கள்.

மாடல் டி-யின் ப்ளக் மரை தண்ணீர்க் குழாய் மரை மாதிரி கூம்பு வடிவம். திருகத் திருக ஆப்பு போல இறுகும். இறுகிப் பிடிக்க இதைவிட வசதியான அமைப்பு இருக்க முடியாது. ஆனாலும் பெரிய தொல்லை வரவில்லை. ஏன்? முதல் காரணம், சிலிண்டர் ஹெட்டும் இரும்பு, ப்ளக் கூடும் இரும்பு. இரண்டாவது, பிடித்துக்கொள்ள அவகாசமே கிடைக்கவில்லை. அதற்குள் யாராவது கழற்றிவிடுவார்கள்!

இந்த இரண்டு காரணங்களும் பின்னாளில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

ஈயம் வந்தது, பீங்கான் மாறியது

1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தால் என்ஜின் தட்டுவது நிற்கும் என்று கண்டுபிடித்தார். 1923-இல் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஈய பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. மனிதர்களின் ரத்தத்திலும் மூளையிலும் அது செய்த கேடு பெரிய, சோகமான கதை. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல்தான் அதை நிறுத்தியது. ப்ளக் கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்: எரிந்த ஈயம் ப்ளக்கின் முனையில் படியும், பொறி பலவீனமாகும். அதனால் ஈயக் காலம் முழுக்க ப்ளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வழக்கமும் உயிரோடு இருந்தது.

இதே காலத்தில் காப்புறையும் மாறியது. பந்தயக் கார்களிலும் விமானங்களிலும் முன்பு மைக்கா தகடுகள்தான். இங்கிலாந்தில் பந்தய வீரர் கெனெல்ம் லீ கின்னஸ் தன் முதலெழுத்துகளைக் கொண்டு நடத்திய கே.எல்.ஜி. ப்ளக்குகள் மைக்காவுக்குப் பேர்போனவை. 1930-களில் அலுமினிய ஆக்சைடு பீங்கான் வந்தது. வெப்பம், அதிர்வு, மின்னழுத்தம் மூன்றையும் தாங்கும். இன்றைக்கும் அதேதான்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆக்சைடாக ப்ளக்குக்குள் வந்த அலுமினியம் ப்ளக்கைக் காப்பாற்றியது. உலோகமாக ப்ளக்குக்கு வெளியே வந்த அலுமினியம்தான் வம்பை ஆரம்பித்தது.

இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு

சின்னக் காருக்கு எடை எதிரி. அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். வெப்பத்தையும் வேகமாகக் கடத்தும். எனவே சிலிண்டர் ஹெட்டை அலுமினியக் கலவையில் வார்க்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஒரே நாளில் மாறவில்லை. இங்கிலாந்தில் 1959-இல் வந்த மினியின் 848 சிசி என்ஜின் முழுக்க இரும்பு. அதற்குப் போட்டியாக 1963-இல் ஸ்காட்லாந்தின் லின்வுட் ஆலையிலிருந்து வந்த ஹில்மன் இம்ப்பின் 875 சிசி என்ஜினிலோ ஹெட், பிளாக் இரண்டுமே அலுமினியம்.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அதற்கும் மூத்தது. காற்றால் குளிரும் அதன் என்ஜினில் ஹெட் அலுமினியக் கலவை. மெக்சிகோவில் 2003-இல் கடைசிக் கார் இறங்கும் வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் தயாரானது. வீட்டிலேயே சர்வீஸ் செய்தவர்களின் கார் என்றால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். 1969-இல் அமெரிக்காவில் ஜான் மியூர் எழுதிய பீட்டில் ரிப்பேர் புத்தகம், ஒன்றுமே தெரியாதவனும் தானே செய்துகொள்ளலாம் என்ற தைரியத்தைக் கொடுத்ததற்காகவே பிரபலமானது. அந்தத் தைரியசாலிகளில் பலர் ப்ளக்கைக் கோணலாகத் திருகி அலுமினிய மரையைக் கெடுத்தும் வைத்தார்கள். கெட்ட மரையைப் பெரிதாக வெட்டி, உள்ளே எஃகுச் சுருள் மரையை இறக்கும் "ஹெலிகாயில்" முறை கார் பட்டறைகளில் பழக்கமானது.

அலுமினியத்தில் என்னதான் பிரச்சினை?

முதலாவது, மென்மை. எஃகு மரையும் அலுமினிய மரையும் மல்லுக்கு நின்றால் தோற்பது அலுமினியம். உராய்ந்து, துணுக்குகள் பெயர்ந்து, எஃகின் மேல் அப்பிக்கொள்ளும்.

இரண்டாவது, இரண்டு வேறு உலோகங்கள். நடுவே ஈரம் புகுந்தால் சின்ன பேட்டரி போல வேலை செய்து அலுமினியம் அரிக்கும். அந்த வெள்ளைப் பொடி மரையின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ப்ளக் குழியில் தண்ணீர் தேங்கும் கார்களிலும் கடலோர ஊர்களிலும் இது சீக்கிரம் நடக்கும்.

மூன்றாவது, சூடு. அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தினமும் சூடாகி, குளிர்ந்து, விரிந்து, சுருங்கி... வருடக்கணக்கில் இந்த இழுபறி.

நான்காவது, நீளம். பழைய ப்ளக்குகளில் மரையின் நீளம் பெரும்பாலும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பிறகு 19 மில்லிமீட்டர் சகஜமானது, புது என்ஜின்களில் 26.5 மில்லிமீட்டரும் உண்டு. மரை நீள நீளப் பிடிக்கும் இடமும் கூடும். நீளம் தவறான ப்ளக்கைப் போட்டால் இன்னொரு வம்பு. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி படிந்து, திரும்பி வரும்போது அலுமினிய மரையை அரம் போல அராவும்.

அம்பாசடரும் மாருதியும்

இந்த மாற்றத்தை இந்தியா தாமதமாக, ஆனால் ஒரே தலைமுறையில் பார்த்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான அம்பாசடரின் பழைய 1489 சிசி என்ஜினில் ஹெட் இரும்பு. ப்ளக்குக்கும் கவலையில்லை. 1951-இல் பெங்களூரில் போஷ் கூட்டுறவோடு தொடங்கிய மைக்கோ (2008-இல் போஷ் என்றே பெயர் மாறியது) ப்ளக்குகள் மூலைக்கு மூலை கிடைத்தன. டூ ஸ்ட்ரோக் மொபெட்டும் ஸ்கூட்டரும் வைத்திருந்தவர்களுக்கோ, ப்ளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, ஊதி, மாட்டி, ஒரு உதை விடுவது பல் தேய்ப்பது மாதிரி ஒரு காரியம்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவி கைமாறியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், மூன்றே ப்ளக், அலுமினியக் கலவை ஹெட். 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. மத்தியதர வர்க்கத்தின் முதல் கார். இரும்பு ஹெட்டில் கை பழகிய பலத்தோடு இந்த ஹெட்டில் டி-ஸ்பேனரைத் திருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் அந்தக் கருவியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000-இல் நாடு முழுக்க ஈய பெட்ரோல் நின்றது. காற்றுக்கு நல்லது, குழந்தைகளுக்கு ரொம்ப நல்லது. ப்ளக்குக்கும் நல்லதுதான், முனையில் ஈயம் படியாது. கார்ப்யுரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்ததும் கரியும் குறைந்தது. ஆக, கழற்ற வேண்டிய அவசியமே போய்விட்டது!

நீண்ட ஆயுளின் விலை

இதற்குள் ப்ளக்கின் முனையும் மாறிக்கொண்டிருந்தது. சாதா நிக்கல் முனை பொறி பட்டுப் பட்டுத் தேயும். 1980-களில் பிளாட்டினம் முனைகள் பரவின. 1990-களில் இரிடியம். ஜப்பானின் டென்ஸோ 1997-இல் வெறும் 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரிடியம் முனையோடு ப்ளக் கொண்டுவந்தது. தேய்மானம் மிகக் குறைவு. கார் கம்பெனிகள் இதையே விளம்பரமாக்கின. 1993 மாடல் கேடிலாக்கில் வந்த நார்த்ஸ்டார் என்ஜினுக்கு, ஒரு லட்சம் மைல் வரை ட்யூன்-அப் தேவையில்லை என்றார்கள். அதுவும் அலுமினிய என்ஜின்தான்.

வாங்குபவருக்கு இனிப்பான செய்தி. ஆனால் யோசித்துப் பாருங்கள். மாறியது முனையின் ஆயுள் மட்டும். மரை அதே எஃகு, ஹெட் அதே அலுமினியம். முனை தேயாமல் இருக்கிற ஒவ்வொரு வருடமும் மரை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஃபோர்டின் 5.4 லிட்டர், மூன்று வால்வு வி8 என்ஜின். 2004-இலிருந்து சில வருடங்கள் பிக்கப் லாரிகளில் வந்தது. அதன் ப்ளக்கின் கீழ்ப்பகுதி நீண்ட, மெல்லிய குழல். அதைச் சுற்றிக் கரி இறுகிவிடும். ஒரு லட்சம் மைல் கழித்துக் கழற்றப் போனால், மேல்பாதி கையோடு வரும், கீழ்ப்பாதி ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். 2008-இல் கம்பெனியே மெக்கானிக்குகளுக்கு விரிவான செய்முறை அனுப்பியது. கொஞ்சம் இளக்கு, கார்புரேட்டர் க்ளீனர் விட்டு ஊற வை, முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்பு என்று. உள்ளே மாட்டியதை எடுக்கத் தனிக் கருவிகளே சந்தைக்கு வந்தன. கார்க்காரர்கள் போட்ட கூட்டு வழக்கு 2016-இல் சமரசத்தில் முடிந்தது.

சின்னக் காரில் இதே தலைவலியைத் தந்தது ஸ்மார்ட். ஸ்வாட்ச் கடிகாரக் கம்பெனியின் நிக்கோலஸ் ஹாயெக் கனவு கண்டு, மெர்சிடிஸ் சேர்ந்து, 1998-இல் பிரான்சின் ஹம்பாக் ஆலையிலிருந்து வெளிவந்த இரண்டு சீட் குட்டிக் கார். முதல் மாடலில் என்ஜின் 599 சிசி, மூன்று சிலிண்டர், ஆனால் ப்ளக் ஆறு! சிலிண்டருக்கு இரண்டு. என்ஜின் பின்பக்கம், நெருக்கமான இடம். சிலவற்றை எட்டுவதே பெரும்பாடு. எட்ட முடியாததை யாரும் அடிக்கடி கழற்றுவதில்லை. கழற்றாதது பிடித்துக்கொள்கிறது. பழைய ஸ்மார்ட் வைத்திருப்பவர்கள் ப்ளக் மாற்றும் வேலையைப் பயத்தோடு பேசுவதற்குக் காரணம் இதுதான்.

கணக்குப் பதிவியல் பாஷையில் சொன்னால், செலவு ஒழியவில்லை, தள்ளிப்போடப்பட்டது. பழைய காரில் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை அரை மணி நேர வேலை. புதுக் காரில் அந்த அரை மணி நேரங்கள் எல்லாம் மிச்சம். அதற்குப் பதில் ஒரே ஒரு நாள், பெரிய ரிஸ்க். கார் புதிதாக இருந்தபோது வாங்கியவர் மிச்சத்தை அனுபவித்துவிட்டு விற்றுவிடுகிறார். எட்டு, பத்து வருடம் கழித்து மூன்றாம் கையாக வாங்கியவர் ஸ்பேனரோடு நிற்கிறார். பில் அவர் பெயருக்கு வருகிறது. காசில்லாததால்தான் பழைய கார் வாங்கினார், காசில்லாததால்தான் வீட்டிலேயே சர்வீஸ் செய்கிறார். மரை போனால் அதிகம் அடிபடுவதும் அவரேதான்.

வரலாறு சொல்லித் தரும் செய்முறை

சரி, பிடித்துக்கொண்ட ப்ளக்கை என்ன செய்வது? மேலே பார்த்த ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது.

1. என்ஜின் ஆறியிருக்கும்போது ஆரம்பியுங்கள். கொதிக்கும் சூட்டில் அலுமினிய மரை இன்னும் எளிதாகக் கிழியும், கையும் சுடும்.

2. முதலில் ப்ளக் குழியைச் சுத்தம் செய்யுங்கள். சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தாலே மண்ணும் துருவும் பறந்துவிடும் (கண்ணை மூடிக்கொள்ளுங்கள்). இல்லையென்றால் ப்ளக் வந்ததும் குப்பை சிலிண்டருக்குள் விழும்.

3. சரியான அளவு ப்ளக் சாக்கெட் போடுங்கள். பழைய ப்ளக்குகளின் தலை 21 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, புதியவை பலவற்றுக்கு 16. சாக்கெட் நேராக உட்கார வேண்டும். கோணினால் பீங்கான் உடையும்.

4. அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு இளகியதும் நிறுத்துங்கள். துரு இளக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டுக் குறைந்தது 15 நிமிடம் விடுங்கள். ஒரு ராத்திரி விட்டால் இன்னும் நல்லது. பிறகு கொஞ்சம் இறுக்கு, கொஞ்சம் இளக்கு. கரகரவென்று சத்தம் வந்தால் மேலே இழுக்காமல் திரும்ப உள்ளே திருப்பி, மறுபடி எண்ணெய் விடுங்கள்.

5. ஆறிய என்ஜினில் கொஞ்சம்கூட அசையவில்லையா? ஒயரையோ காயிலையோ மறுபடி மாட்டி, சில நிமிடம் ஓட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது முயலுங்கள். அலுமினியம் எஃகைவிட அதிகம் விரிவதால் பிடி தளரும். சுத்தியல், நீளமான பைப் இரண்டும் வேண்டாம். இதற்கும் வராவிட்டால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போவதுதான் லாபம்.

6. வெளியே வந்த ப்ளக்கின் மரையை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளி நிறத் துணுக்குகள் சுற்றியிருந்தால் அது ஹெட்டின் மரை. புது ப்ளக்கை வலுக்கட்டாயமாகத் திருகாமல் லேத் பட்டறையில் காட்டுங்கள். ஹெலிகாயில் இருக்கிறது.

7. புது ப்ளக்கை முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். ஆழமான குழி என்றால் ப்ளக்கின் வாலில் ஒரு துண்டு ரப்பர் ட்யூப் மாட்டிச் சுற்றலாம். மரை கோணினால் ட்யூப் வழுக்கும், ஹெட் தப்பிக்கும். உட்கார்ந்த பிறகு, புது வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் ப்ளக்குக்கு அரையிலிருந்து முக்கால் சுற்றுக்குள் போதும். டார்க் ஸ்பேனர் இருந்தால் அலுமினிய ஹெட்டுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். வாஷர் இல்லாத கூம்பு அடி ப்ளக் என்றால் பதினாறில் ஒரு சுற்றுதான்!

8. மரையில் க்ரீஸ் தடவலாமா? கூட்டில் பளபளப்பான முலாம் பூசிய இன்றைய ப்ளக்குகளுக்கு வேண்டாம் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். முலாமே அந்த வேலையைச் செய்யும். க்ரீஸ் வழுக்குவதால் அதே பலத்தில் மரை அளவுக்கு மேல் இறுகிவிடும்.

இந்த எட்டில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. மாடல் டி காலத்து விவசாயிக்கும் மொபெட் காலத்து வாத்தியாருக்கும் இதில் பாதி கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது. ப்ளக் முன்னேறியதில் தவறில்லை. ஈயமும் கரியும் போனது பெரிய நன்மை. ஆனால் ஒரு பொருளைத் தொடத் தேவையில்லை என்று சொல்வதற்கும், தொடவே முடியாமல் ஆவதற்கும் நடுவே உள்ள தூரம் மிகக் குறைவு. அந்தத் தூரத்தை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை.

மின்சாரக் கார்களில் ப்ளக்கே கிடையாது. அவை பெருகப் பெருக, லெனுவாரின் கண்டுபிடிப்பு ஒரு நாள் மியூசியத்துக்குப் போகும். அதுவரைக்கும் கோடிக்கணக்கான பெட்ரோல் கார்கள் ஓடத்தான் போகின்றன. அவற்றில் பல இரண்டாம், மூன்றாம் கைகளுக்கு மாறும். அதனால் காரை விற்கப் போகிறவர்கள் ஒரு சின்ன உதவி செய்யலாம். ப்ளக் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து ஸ்பேனர் பிடிக்கப் போகிறவர், எத்தனை வருடப் பிடிவாதத்தோடு மோதப் போகிறோம் என்றாவது தெரிந்துகொள்வார்.